தீப்பெட்டி அலமாரியின் பூட்டு

அக்கா,

யூகலிப்டஸ் இலை வாசனை வந்தால் எனக்கு இத்தனை காலமும் ஜலதோஷம்தான் நினைவுக்கு வரும். போன புதன்கிழமையிலிருந்து நீங்கள் வருகிறீர்கள். உங்கள் மகள் வந்திருந்தாள். கையில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் பூச்சி அண்டாமலிருக்க யூகலிப்டஸ் இலை பரப்பி, அதன்மேல் துணி சுற்றி, நம்முடைய ஆரஞ்சுப் பெட்டி.

"அம்மா இத உங்ககிட்டக் குடுத்தரச் சொல்லியிருந்தாங்க சித்தி" என்றாள்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்கள் காரியத்துக்கு நான் வரவில்லை. முட்டி வலி, பஸ் ஏற முடியவில்லை என்று சொல்லியனுப்பினேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதே வாரம் சேலத்துக்குப் போய் ஒரு கல்யாணத்தில் இரண்டு பந்தி பரிமாறிவிட்டு வந்தேன். உங்களிடம் இனிப் பொய் சொல்லிப் பலனில்லை என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நாம் பழகியதே ஒரு குற்றம் கண்டுபிடிப்பில்தான். நான் கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் நவராத்திரி. ஒண்டிக்கடை என்கிற இடத்தில், எங்கள் கடைக்குப் பின்கட்டிலிருந்த வீட்டில் ஐந்து படி கொலு வைத்திருந்தேன். கீழ்ப்படியில் அம்மா வீட்டுச் சீதனமாக வந்த சொப்புச் சாமான். மாரமங்கலம் ரோட்டு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் சம்சாரம் வந்திருக்கிறார் என்று மாமியார் பரபரத்தார். நீங்கள் ஒல்லியாக, ஈரக் குடையோடு உள்ளே வந்தீர்கள். மேல்படிச் சாமிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து என் சொப்புகளைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, அடுப்பவிட இட்லிச் சட்டி பெருசா இருக்குது. இட்லிச் சட்டியவிடக் கரண்டி பெருசா இருக்குது. யாரு சமைக்கறாங்க, பூதமா?" என்றீர்கள். மாமியாரே சிரித்துவிட்டார். எனக்கு உங்களைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, கூடவே ஒட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைத்தான் செய்தேன்.

அடுத்த வருடம் ஆரஞ்சுப் பழப் பெட்டி ஒன்றைச் சாய்த்துவைத்து அதில் ஒரு முழு அடுப்படியை நீங்கள் எழுப்பினீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துச் சுவருக்குப் பூச்சு. அடுப்புக்குப் பின்னால் மட்டும் விளக்குக் கரியை விரலால் தடவிப் புகை ஏற்றினீர்கள். பற்பசை மூடி சோற்றுப்பானை. பேட்டரிக் கட்டையின் தலையிலிருக்கும் பித்தளைக் குமிழ், சொம்பு. ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடி, ஆட்டுக்கல். ரவிக்கைக் கொக்கிகளை நிமிர்த்திக் கரண்டிகள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் தட்டுகள், அவற்றுக்கு விளிம்புகூட மடித்தீர்கள். காப்பிக் கொட்டையின் காய்ந்த தோல் முறமாயிற்று. அரிசிக்கு ரவை, ராகிக்குக் கசகசா. நிஜ அரிசியை நான் போடப் போனபோது கையைத் தட்டிவிட்டீர்கள். "இந்தப் பானைக்கு அது தேங்கா சைசு புள்ள."

இது வெறும் அடுப்படியாக இருந்திருந்தால் நாம் இருவரும் நல்லவர்களாக இருந்திருப்போம். அது லாட்ஜ் மேனேஜர் வீட்டு அடுப்படி. அந்த அம்மாள் பட்டணத்திலிருந்து குக்கர் வந்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு கரண்டி தயிர் கேட்கிற சாக்கில் உள்ளே போய்ப் பார்த்தேன். குக்கர் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டிமேல் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. சோறு மண்சட்டியில் வெந்துகொண்டிருந்தது. நான் வந்து சொன்னதுதான் தாமதம், உங்கள் கத்தரிக்கோல் அரை அங்குலத்தில் அந்த அட்டைப் பெட்டியைச் செய்துவிட்டது. மஞ்சள் குங்குமம் உட்பட.

அன்று கொலுவுக்கு வந்த பெண்கள் பெட்டி முன்னால் உட்கார்ந்து, "இது யாரூட்டு அடுப்படி?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நாம் யார் பேரையும் சொல்லவில்லை. "கண்டுபுடிங்க பாக்கலாம்" என்று மட்டும் சொன்னோம். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கை உங்களுடையது, கால் என்னுடையது, வாயும் என்னுடையது. இன்றைக்கு நான் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதி அனுப்புகிறேனே, அந்த வாய் திறந்தது அந்தப் பெட்டிக்கு முன்னால்தான்.

நீங்கள் அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சின்னதாக்கினாத்தான் கண்ணு, குத்தம் பெருசாத் தெரியும்."

மறு வருடம் டீச்சர் வீடு. சுத்தம் சுகாதாரம் என்று பிள்ளைகளின் நகத்தையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பார்க்கிற டீச்சர். அவர் வீட்டுத் தொட்டியில் மூன்று நாள் பாத்திரம் கிடந்தது. நீங்கள் வெள்ளித்தாளில் இருபது பாத்திரம் செய்து, புளித்தண்ணீரில் முக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்துவைத்தீர்கள். மேலே ஒரு எறும்பைச் செத்தபடியே ஒட்டினீர்கள். டீச்சர் வந்தார். பார்த்தார். சுண்டலை வாங்கிக்கொண்டார். "நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். சுண்டல் தொன்னையைப் பிடித்த விரல்கள் வளைந்து வீங்கி இருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். வாதம். பாத்திரம் தேய்க்க முடியாத கை. அவர் வாசலைத் தாண்டியதும் நான் உங்களைப் பார்த்தேன். "எறும்பு கொஞ்சம் அதிகம்தான்" என்றீர்கள். நான் சிரித்தேன். நாம் அப்படித்தான் இருந்தோம் அக்கா. கதையில் உங்களைத் தங்கமாக்கி என்னை மட்டும் பித்தளையாக்கிக்கொண்டால் அதிலும் ஒரு பொய் இருக்கும்.

மூன்றாம் வருடம் யார் வீடு என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்றீர்கள். "பாத்தாத்தான் ருசி" என்றீர்கள். முதல் நாள் துணியை விலக்கினீர்கள். என் அடுப்படி. நான் அடிக்கடி பொங்கவிட்டு அடிப்பிடித்த பால் குண்டா, அதே நெளிவோடு. நான் இடது கையால் ஆணி அடித்துக் கோணலாகத் தொங்கும் காலண்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுப்புக்குக் கீழே, விறகுக்குப் பின்னால், சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு வாழையிலைப் பொட்டலம். நூல் சுற்றியது. அதிலிருந்து வெள்ளையாக எட்டிப் பார்க்கும் நாலு இட்லி.

கிளப்பு கடை இட்லியை வாங்கிப் பின்வழியாகக் கொண்டுவந்து, ஆவி காட்டி, மாமியாருக்கு என் கைப்பக்குவம் என்று இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த விஷயம் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். நானேதான் சொன்னேன், பெருமையாக. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். "அதான பாத்தேன்" என்றார். பதினாறு பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அதிகாலை ஆட்டுக்கல் என் தலையில் விழுந்தது. புரட்டாசிக் குளிரில் உளுந்து மாவுக்குள் கைவிட்டுத் தள்ளும்போதெல்லாம், ஒவ்வொரு சுற்றுக்கும் உங்களுக்கு ஒரு வசவு வைத்தேன்.

அந்த வஞ்சத்தோடுதான் அக்கா உங்கள் வீட்டுப் பின்பக்கம் போனேன்.

அதுவரை உங்கள் அடுப்படியை நான் பார்த்ததில்லை. எப்போது வந்தாலும் வாசலை ஒட்டிய முன் ஆசாரத்தில் உட்காரவைப்பீர்கள். "உள்ள ஒரே பொகையா இருக்குது புள்ள" என்பீர்கள். ஊர் அடுப்படியையெல்லாம் அளந்தவர் தன் அடுப்படியை மட்டும் ஏன் மூடிவைக்க வேண்டும்? அடுத்த கொலுவுக்குக் கதாநாயகி கிடைத்துவிட்டாள் என்று தோன்றியது. கொய்யாப்பழம் கொடுக்கிற சாக்கில் பஸ் ஏறி வந்து, வாசலுக்கு வராமல் சுற்றிக்கொண்டு கொல்லையில் பொடக்காலிப் பக்கம் நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

புகையே இல்லை. அடுப்புப் பற்றவைக்கவே இல்லை. சுவரோரம் ஆளுயர மர அலமாரி. அதில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. நீங்கள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் உடம்பைச் செருகியிருந்தீர்கள். முதுகுப் பலகையில் ஒன்றை ஆணியோடு அசைத்துத் தூக்கி, கையை உள்ளே விட்டு, ஒரு பிடி அரிசியை எடுத்து டம்ளரில் போட்டீர்கள். இன்னொரு பிடி. நான்கு வயது மகள் கதவருகே நின்று வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா வரலீங்மா. இன்னும் வரலீங்மா." அதைச் சொல்ல அவளுக்குப் பழக்கியிருந்தீர்கள். பாட்டுப் போலச் சொன்னாள்.

சாவி ரைட்டரின் இடுப்புக் கயிற்றில் இருந்தது ஊருக்கே தெரியும். எஸ்டேட் குடோன் சாவி என்று நினைத்திருந்தோம். தினம் காலையில் அவரே திறந்து, அன்றைய அளவை எடுத்து வைத்து, பூட்டிக்கொண்டு போகிறார் என்பது அந்த ஜன்னலில் நின்றபோதுதான் புரிந்தது. இல்லாத வீடு அல்ல. பலகை விலகிய இடத்தில் அரிசி நிறைந்து தெரிந்தது. அது அவர் ஒழுங்கு. குரல் உயர்த்தாத மனிதர், தங்கமான மனிதர். என் வீட்டுக்காரரோடு நான் சண்டை போடும்போதெல்லாம் நானே உதாரணம் காட்டிய மனிதர்.

எல்லாம் ஒரே நொடியில் பொருந்தியது. கொலு முடிந்து பெட்டியைப் பிரிக்கும்போது பொம்மைச் சட்டியில் கிடந்த ரவையைக்கூடத் தட்டி முந்தானையில் முடிந்துகொள்வீர்களே; "பொம்மையோட சோத்தக்கூட உட மாட்டீங்களாக்கா?" என்று நான் எத்தனை பேருக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

அங்கேயே உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். எங்களுடையது மளிகைக்கடை அக்கா. ஒரு பை அரிசி எனக்கு ஒரு பொருட்டா? நான் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து கதவைத் தட்டினேன். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள்.

"வா புள்ள. இங்கயே ஒக்காரு. உள்ள ஒரே பொகையா இருக்குது."

"ஆமாங்க்கா, கண்ணு எரியுது" என்றேன். அந்த வசனத்தின் அழகை நானே ரசித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வருடம் ஹோட்டல்காரர் வீட்டு அடுப்படியைச் செய்து, கொலுவுக்கு முந்தைய சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் அதற்குள் வைக்க, உங்களுக்குத் தெரியாமல், மூன்று தீப்பெட்டிகளை ஒட்டி அலமாரி செய்தேன். என் கையால் நான் உருப்படியாகச் செய்த ஒரே பொருள் அதுதான். குழந்தை உண்டியலில் வரும் சுண்டைக்காய்ப் பூட்டை வளையம் வைத்து மாட்டினேன். உள்ளே ஒரு கரண்டி ரவை நிரப்பினேன். முதுகு அட்டையில் ஒரு பட்டையைக் கத்தியால் அறுத்து, தூக்கினால் திறக்கும்படி விட்டேன். அதன் கீழே தரையில் நாலு ரவை சிந்தினேன். அதுதான் நயம் என்று நினைத்தேன். உங்களிடமிருந்து கற்றதாயிற்றே.

"யாரூட்டு அடுப்படிங்க இது? ஹோட்டல்காரம்மா ஊடுதான?"

"ஹோட்டல்ல எதுக்குங்க பூட்டு?"

"எலிக்குப் பயந்து பூட்டியிருப்பாங்க."

"எலி பின்னால வருதுங்களே, பாருங்க" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். கூட்டம் உருண்டது.

நீங்கள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தபோது சிரிப்பு உச்சத்தில் இருந்தது. எல்லோரும் உங்களுக்கு வழி விட்டார்கள். "ஏனுங்க, செஞ்சது நீங்கதான. நீங்களே சொல்லுங்க, யாரூடு?"

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். அலமாரியை, பூட்டை, சிந்தின ரவையை. பிறகு என்னை. மற்றவர்கள் எதையும் யூகிப்பதற்குள் நிமிர்ந்துவிட்டீர்கள்.

"எங்கூடுதானுங்க" என்றீர்கள்.

அன்று எழுந்த சிரிப்பைப் போல அதற்குப் பிறகு என் எந்தத் துணுக்குக்கும் எழவில்லை. ரைட்டர் வீட்டிலாவது, பூட்டாவது! நீங்களும் சிரித்தீர்கள், எல்லோரையும்விடச் சத்தமாக. உண்மையை நடுவீட்டில் வைத்துவிட்டு அதை யாரும் நம்பாதபடி செய்யத் தெரிந்தது உங்களுக்கு. அதோடு முடிந்திருக்கும்.

ரைட்டர் உங்களை அழைத்துப்போக வந்து வாசலில் குடையோடு நின்றிருந்தார். ஆண்கள் கொலு அறைக்குள் வருகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான்தான் கூப்பிட்டேன். என் மாமியார் கூப்பிட்டார் என்று பின்னால் பலரிடம் சொன்னேன். இல்லை. "ஏனுங்க, நீங்களும் வந்து பாருங்க. அக்கா கைவேலைங்க" என்று நான்தான் கூப்பிட்டேன். அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கிற ஆசை. பூட்டைப் பார்த்து வெட்கப்படுவார் என்று எண்ணினேன். பொண்டாட்டியின் அடுப்படியைப் பூட்டுகிறவர் அதற்கெல்லாம் வெட்கப்படுவார் என்று எண்ணிய புத்திசாலி நான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "பூட்டு நல்லா இருக்குதுங்க" என்றார். காப்பி மூட்டை வந்தால் அவர் முன்பக்கம் பார்க்க மாட்டார். திருப்பிப்போட்டு அடித்தையலைத் தடவிப் பார்ப்பார். ஓட்டை அங்கேதான் இருக்கும் என்பது அவர் தொழில். அன்றும் அப்படியே என் அலமாரியை ஒரு விரலால் மெல்லத் திருப்பினார். அறுத்த பட்டையைத் தூக்கினார். விட்டார். மறுபடி தூக்கினார். விரல் நுனியில் ஒட்டிய ரவையைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூட்டு அவருக்குத் தெரிந்தது. பலகைதான் தெரியாதது.

உங்கள் மகள் உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் எழுந்து, சுண்டலை வாங்கிக்கொண்டு, "வெவரமாச் செஞ்சிருக்கீங்க" என்றார். உங்களிடம் அல்ல, என்னிடம்.

பத்து நாள் கழித்து வந்தேன். குற்ற உணர்ச்சியால் என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். என்ன ஆயிற்று என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. அலமாரி முன் ஆசாரத்தில் நின்றது, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே. முதுகில் தகரம் வைத்து வரிசையாக ஆணி.

"பாத்தியா புள்ள, எங்கூட்டு அலமாரி விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி ஆசாரத்துல வந்து ஒக்காந்துக்கிச்சு" என்றீர்கள்.

நான் பையிலிருந்த அரிசியை எடுத்தேன். ஆம், கொண்டுவந்திருந்தேன். நீங்கள் அதைத் தொடவில்லை.

"எடுத்துட்டுப் போ. புது அரிசி வாசம் அவருக்கு ஆசாரத்துலயே தெரிஞ்சிரும்." பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தீர்கள். "உன்ற கைக்கு நொம்ப சுத்தம் வந்துருச்சு கண்ணு. அளவு ஒரு நூல்கூடத் தப்பல."

திட்டியிருக்கலாம். அந்தப் பாராட்டைத்தான் இத்தனை வருடமாக என்னால் செரிக்க முடியவில்லை. பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனீர்கள். பிறகு அடுப்படி செய்யவில்லை. கொலுவுக்கு வருவீர்கள், சாமிகளை மட்டும் பார்ப்பீர்கள், சுண்டலை மடித்து மகளுக்கு எடுத்துப்போவீர்கள். ஊர்ப் பெண்கள் கொஞ்ச காலம் "இந்த வருசம் யாரூடு?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு மறந்தார்கள்.

புதன்கிழமை உங்கள் மகளுக்குச் சாப்பாடு போட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள். இருபது வயது, சேலத்தில் படிக்கிறாள், உங்கள் மூக்கு. அப்பா நலமா என்று கேட்டேன். "நல்லா இருக்காருங்க. ஊருல நொம்ப மரியாதையா வெச்சிருக்காங்க" என்றாள். மோரை ஊற்றிக்கொண்டே இயல்பாகச் சொன்னாள்: "அம்மாவுக்குத்தான் சித்தி, எப்பவுமே பசிக்காதுங்க. எனக்குப் போட்டுட்டு, பசியில்ல கண்ணும்பாங்க. டாக்டர்கூடக் கேட்டாரு, எப்படிம்மா இத்தன நாளு சாப்புடாம இருந்தீங்கன்னு." அப்புறம், "ஊருலயே உங்களாட்டச் சிரிக்க வெக்க ஆளில்லைன்னு அம்மா சொல்லுவாங்க" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் சோறு மிச்சமிருந்தது. அதை முழுவதும் தின்றேன். துக்கத்தில் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது.

அவள் போகும்முன் ஆரஞ்சுப் பெட்டியின் துணியைப் பிரித்துப் பார்த்தோம். பானை, சொம்பு, கரண்டி ஒன்றும் இல்லை. வெறும் சுண்ணாம்புச் சுவர், புகைக்கரி, நடுவில் என் தீப்பெட்டி அலமாரி. பூட்டு அப்படியே. திருப்பிப் பார்த்தேன். நான் அறுத்துவிட்ட பட்டைமேல் பற்பசைக் குழாயின் தகரத்தை வெட்டி ஒட்டி, குண்டூசித் தலைகளை வரிசையாக இறக்கியிருந்தீர்கள். உங்கள் வீட்டு அலமாரியில் எத்தனை ஆணியோ, இதிலும் அத்தனை. அளவு தப்பாது உங்களுக்கு. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். நான் ஒரு கரண்டி ரவை நிரப்பியிருந்தேன். சத்தமே இல்லை. ஆணி அடிப்பதற்கு முன் கடைசி ரவை மணிவரை எடுத்துவிட்டிருக்கிறீர்கள்.

"சித்தி, இதுக்குச் சாவி உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றாள் உங்கள் மகள்.

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சு கண்ணு" என்றேன்.

தொலையவில்லை அக்கா. அன்று கொலுவில் சிரிப்பு அடங்குகிற நேரம் பார்த்து உங்கள் கையில் வைத்து, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க்கா" என்று சொல்லிக் கூட்டத்தை இன்னொரு முறை சிரிக்கவைக்கத்தான் அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ரைட்டர் உள்ளே வந்துவிட்டதால் சொல்ல முடியாமல் போயிற்று. அரிசி முனை அளவு சாவி. பதினாறு வருடமாகக் கடைச் சாவி, பீரோ சாவி, அரிசி டிரம் சாவியோடு ஒரே வளையத்தில் கிடக்கிறது. உங்கள் மகள் கேட்டபோதும் அங்கேதான் இருந்தது, உங்கள் வீட்டுக்காரர் தொங்கவிட்டிருந்த அதே இடத்தில், என் இடுப்பில்.